வாய்க்கால் தெரு நடைவண்டி

திருத்துறைப்பூண்டியில் புதுப்படம் வந்தால் போஸ்டரைப் பார்த்து யாரும் முடிவு செய்வதில்லை. சந்திரலேகா என்ன சொன்னாள் என்றுதான் கேட்பார்கள். தாலுகா ஆபீஸ் எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் நாற்பத்தெட்டு வயதுக்காரி. வாரம் முழுக்கச் சிட்டாவும் அடங்கலும் நகலெடுப்பாள். வெள்ளிக்கிழமையானால் கடையைப் பூட்டிவிட்டு முதல் காட்சிக்குப் போய்விடுவாள். படம் விட்டதும் தியேட்டர் வாசலில் நின்றே மூன்று நிமிடம் பேசி வாட்ஸப்பில் அனுப்புவாள். நடவுக்குப் போகும் பெண்கள் வரப்பில் உட்கார்ந்து அதைக் கேட்ட பிறகுதான் ஞாயிற்றுக்கிழமைக்குத் திட்டம் போடுவார்கள். சொன்ன சொல்லை அவள் மாற்றியதே கிடையாது. அந்தப் பெருமை அவளுக்குக் கொஞ்சம் அதிகமாகவே உண்டு.

போன வெள்ளிக்கிழமை வந்தது ஒரு பேய்ப்படம், அதிலும் சிரிப்புப் பேய். குழந்தைகள் பிடித்துத் தள்ளி நடை பழகும் மூன்று சக்கர மர நடைவண்டி இருக்கிறதே, அதற்குச் சாபம் பிடித்து, தொட்டவர்களையெல்லாம் துரத்துகிறதாம்.

"கேளுங்கடி," என்று ஆரம்பித்தாள் சந்திரலேகா. "போறதா இருந்தா தலைவலி மாத்திரையோட போங்க. பேய்க்கு என்ன கோபம்னு சொல்ல முக்கால் மணி நேரம் பிளாஷ்பேக். அதுக்குள்ள பேய்க்கே கோபம் ஆறிப்போயிருக்கும். காமெடின்னு ஒருத்தன் வேட்டி அவுந்து ஓடுறான். ஒரு தடவை இல்ல, நாலு தடவை! பங்களாவுல கரண்ட் போனா, ஒருத்தனுக்காவது செல்போன்ல லைட்டு இருக்கறது தெரியணுமே! ஒரே ஒரு சீன் உண்டு. இடைவேளைக்கு முன்னாடி, யாரும் தள்ளாம அந்த வண்டி கடகடன்னு தானா வருது பாருங்க, எனக்கு ஈரக்கொலையே நடுங்கிப்போச்சு. இனிமே எங்க வீட்டு வண்டியத் தொடவே யோசிக்கணும் போல. மத்தபடி வேண்டாம். பேசாம வீட்டுல கிடங்க."

அவள் வீட்டு வண்டியை வாய்க்கால் தெருவில் தெரியாதவர் இல்லை. இருபது வருஷத்துக்கு முன்னால், அவள் ஆறு மாதம் முழுகாமல் இருந்தபோது, கணவன் மனோகரன் திருவாரூர் தேருக்குப் போய் ஆசையாக வாங்கி வந்தது. சிவப்புச் சக்கரம். பிள்ளை பிறந்து நாலு நாள்தான் இருந்தது. பிறகு அவன் குவைத்துக்குப் போய்விட்டான். வண்டியைத் தூக்கிப் போடவும் மனம் வரவில்லை, பார்த்துக்கொண்டு இருக்கவும் முடியவில்லை. பக்கத்து வீட்டில் கேட்டார்கள், கொடுத்தாள். அன்று முதல் வண்டி வீடு வீடாகப் போய்வருகிறது. எந்த வீட்டில் பிள்ளை நடக்கத் தொடங்குகிறதோ அந்த வீட்டில், முதல் அடி வைத்ததற்கென்று அடிக்கொழுக்கட்டை செய்து, ஒரு டப்பா நிறையப் போட்டு வண்டியோடு கொண்டுவந்து கொடுப்பார்கள். இதுவரை இருபத்தேழு பிள்ளைகள். யார் வீட்டுக் கொழுக்கட்டையில் ஏலக்காய் தூக்கல் என்பது வரைக்கும் சந்திரலேகா சொல்லுவாள்.

திங்கட்கிழமை சாயங்காலம், அடுத்த வீட்டு மலர்க்கொடி வண்டியைக் கொண்டுவந்து வாசலில் வைத்தாள். கையில் டப்பா இல்லை.

"என்னடி மலரு, எழில்மொழி நடந்துட்டாளா?"

"இல்லக்கா. பதிமூணு மாசமாச்சு, இன்னும் சுவத்தைத்தான் பிடிச்சுக்கிட்டு நிக்கிறா. அது வந்து... நீங்களே பயமா இருக்குன்னு சொன்னீங்களே."

"படத்தைச் சொன்னேண்டி!"

"நேத்து நாங்களும் போய்ப் பாத்தோம்க்கா. அந்த சீன்ல எனக்கும் உதறிப்போச்சு."

"வேண்டாம்னு தொண்டை வறளக் கத்தினேனே, எதுக்குடி போனீங்க?"

"நீங்களே நடுங்கினீங்கன்னா எப்படி இருக்கும்னுதான்."

சந்திரலேகா தலையில் அடித்துக்கொண்டாள். மூன்று நிமிடப் பேச்சில் இந்த ஒன்றுதானா இவர்கள் காதில் விழவேண்டும்!

அதோடு போயிருந்தால் திட்டித் தீர்த்திருப்பாள். மதிலுக்கு அந்தப் பக்கம் மலர்க்கொடியின் மாமியார் அமிர்தத்தின் குரல் கேட்டது. "விட்டுட்டு வா மலரு. நான் அப்பவே நெனச்சேன். புள்ள தங்காத வீட்டு வண்டி, நமக்கு எதுக்கு?"

இருபது வருஷத்தில் ஒருவரும் சொல்லாத சொல். ஊரில் வருகிற படத்தையெல்லாம் பிரித்து மேய்கிறவள், உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

அந்த சீன் நன்றாக இல்லை, தெரியாமல் சொல்லிவிட்டேன் என்று ஒரு வார்த்தை போட்டால் ஊர் வாய் அடங்கும். போனை எடுத்தாள். ஆனால் சீன் நன்றாகத்தானே இருந்தது! பாழாய்ப்போன படத்தில் அது ஒன்றுதானே உருப்படி! "படம் வேற, எங்க வண்டி வேற, கொஞ்சம் புத்தியோட இருங்கடி," என்று மட்டும் சொல்லி அனுப்பினாள். கேட்ட பாதிப் பேர் சிரித்த முகம் போட்டார்கள். அடுத்ததாக வண்டி வேண்டுமென்று சொல்லிவைத்திருந்த வீட்டிலிருந்து, வேண்டாம் என்று பதில் வந்தது.

மறுநாள் காலை அவள் வண்டியில் கயிற்றைக் கட்டினாள். விறகுக்கடையில் போட்டுவிட்டு வந்தால் சனியன் ஒழிந்தது. குனிந்து தள்ள இடுப்பு இடம் கொடுக்காததால், கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் தெருவில் நடந்தாள். வண்டி பின்னால் கடகடவென்று வந்தது. நடுத்தெருவில் திடீரென்று கயிறு விறைத்தது. யாரோ பின்னாலிருந்து வெடுக்கென்று இழுத்தார்கள். சந்திரலேகாவுக்கு நிஜமாகவே ஈரக்கொலை நடுங்கியது. அடி பாவி, படம் உண்மைதானா?

திரும்பினாள். வண்டியின் கைப்பிடியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு எழில்மொழி நின்றாள். வாயில் இட்லி, கண்ணில் நீர், முகத்தில் அப்படியொரு கோபம். மலர்க்கொடி வீட்டுச் சுவரிலிருந்து வண்டி வரைக்கும் பத்தடி இருக்கும். நடுவில் பிடித்துக்கொள்ள ஒன்றுமே இல்லை. வாசலில் அமிர்தம் இட்லித் தட்டோடு நின்றாள். "ஐயோ அத்தை, நடந்துட்டா! தானா நடந்து போனா!" என்று மலர்க்கொடி அலறியதில் தெருவே கூடிவிட்டது.

சந்திரலேகா கயிற்றை அவிழ்த்து, வண்டியைக் குழந்தையிடமே விட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்பினாள்.

சாயங்காலம் அமிர்தமே டப்பாவோடு வந்தாள். "என் நாக்குல சனி லேகா. மனசுல வச்சுக்காதே. புள்ள வண்டிய விடமாட்டேங்குது, இன்னும் ரெண்டு நாள் இருக்கட்டும்."

சந்திரலேகா டப்பாவைத் திறந்து ஒன்றை எடுத்து மென்றாள். தீர்ப்புக்குக் காத்திருப்பவளைப் போல அமிர்தம் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வெல்லம் பத்தல அத்தை," என்றாள் சந்திரலேகா. "அடுத்த புள்ளைக்காவது பாத்துப் போடுங்க."

அமிர்தம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனாள். வெல்லம் பத்தாத அந்தக் கொழுக்கட்டையில் அன்றைக்கு ஏழு தின்றாள் சந்திரலேகா.