காளான் அறை

சாச்சி எங்களோடு வந்து தங்கிய வருடத்தில்தான் பின்பக்கத்து விறகு அறை காளான் அறையானது. சாச்சி உம்மாவின் தங்கை. கலியாணம் சரிவராமல் திரும்பி வந்திருந்தார் என்பதை நான் பிற்பாடுதான் அறிந்தேன். எட்டு வயதில் எனக்குத் தெரிந்ததெல்லாம், கட்டிலில் பாதியைக் கொடுத்ததற்குப் பதிலாகக் கதை சொல்ல ஓர் ஆள் கிடைத்தது என்பதுதான்.

கட்டுகஸ்தோட்டையில் எங்கள் வீடு ஆற்றுக்கு மேலே சரிவில் இருந்தது. விடியற்காலையில் மகாவலியிலிருந்து பனி ஏறி வந்து, வீட்டைச் சுற்றிக்கொண்டு, வெயில் வரும்வரை போக மனமில்லாமல் நிற்கும். அந்தப் பனியில் கொஞ்சத்தைப் பிடித்து அடைத்து வைத்ததுபோல இருந்தது காளான் அறை. குண்டசாலையில் மூன்று நாள் காளான் வகுப்புக்குப் போய்வந்த சாச்சி, மரத்தூளும் தவிடும் அடைத்த பொலித்தீன் பைகளை அங்கே வரிசையாகத் தொங்கவிட்டிருந்தார். உள்ளே போனால் முதலில் ஒன்றும் தெரியாது. கண் பழகப் பழக, இருட்டிலிருந்து ஒவ்வொன்றாக வெள்ளைக் காதுகள் முளைக்கும். நேற்று மொட்டாக இருந்தது இன்று என் உள்ளங்கை அளவு விரிந்திருக்கும். அவை வளரும் சத்தம் கேட்கும் என்று நம்பி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். ஏதோ கேட்டதாகவே இப்போதும் நினைவிருக்கிறது.

நாவலப்பிட்டியில் உறவுக்காரர் ஒருவர் நடத்திய பாலர் பாடசாலைக்கு ஓர் ஆசிரியை தேவைப்பட்டது. சாச்சியை வரச் சொல்லியிருந்தார்கள். நோன்பு தொடங்கும்வரை தவணை கேட்டிருந்தார் சாச்சி. அதற்குள் காளான் நிலைத்தால் இங்கேயே இருப்பார். இல்லாவிட்டால் ரயில் ஏறுவார். எப்படித் தெரியும் என்று நான் கேட்டேன்.

"வாங்கினவங்க திரும்பி வரணும் புள்ள. வராட்டி இது யாவாரம் இல்ல, விளையாட்டு" என்றார்.

முதலில் எங்கள் ஒழுங்கையில் எல்லா வீட்டாரும் ஆளுக்கொரு பைக்கட் வாங்கினார்கள். சாச்சி மேல் இருந்த அன்புக்காக வாங்கியவர்கள், அன்பு மாறாமலே அத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். பௌர்ணமிப் போயா நாட்களில், இறைச்சி விலக்கும் மேல்வீட்டுச் சிங்களக் குடும்பம் கேட்டு வரும். சந்தைக் கடைக்காரர் எடுத்துப் பார்த்து, பழுப்பேறியதைத் திருப்பி அனுப்பினார். இரண்டாம் நாளுக்கு மேல் காளான் தாங்காது. மிஞ்சியதை நாங்கள் கறியாகவும் சுண்டலாகவும் தின்று தீர்த்தோம்.

அப்போதுதான் வாப்பா அந்த ஹோட்டல் பேச்சைக் கொண்டுவந்தார். கண்டி டவுனில் ஒரு ஹோட்டல், எவ்வளவு இருந்தாலும் எடுத்துக்கொள்ளும் என்றார். டவுனில்தான் அவருடைய ஆணி, பூட்டு, பெயின்ட் கடை. கிழமைக்கு இரண்டு தடவை, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அவரே பஸ்ஸில் போனார். மாலையில் காசோடு திரும்பி வந்தார். சாச்சியின் முகம் மாறிவிட்டது. பைகளுக்கு நீர் தெளிக்கும்போது வாய்க்குள் பாடினார். ஒரு நாள் என்னிடம் மட்டும், காப்பை விற்று இன்னோர் அறை கட்டப்போவதாகச் சொன்னார். நாவலப்பிட்டிக்கு வரமாட்டேன் என்றும் சொல்லிவிடப்போகிறாராம். அந்த நாட்கள் முழுவதும் நான் இரண்டு அறைகளாக, மூன்று அறைகளாக, ஆற்றங்கரை வரைக்கும் வெள்ளைக் காதுகளைக் கனவு கண்டேன்.

பள்ளி விடுமுறையில், உம்மா ஒரு மையத்து வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போகவேண்டியிருந்ததால், வாப்பா என்னைக் கடைக்குக் கூட்டிப்போனார். நான் ஹோட்டலைப் பார்க்கும் ஆசையில் போனேன். அவர் எந்த ஹோட்டலுக்கும் போகவில்லை. கடையைத் திறந்து, பைக்கட்டுகளை ஆளாளுக்குக் காசு வாங்காமல் கொடுத்தார். கடையில் வேலை செய்த சிங்களவர், இன்றைக்குமா என்று சிரித்துக்கொண்டே வாங்கினார். பக்கத்துக் கடை டெய்லர், "போன தடவ குடுத்ததே வீட்ல அப்படியே இருக்கு முதலாளி" என்றார். வாப்பா தையல் மெஷின் மேலேயே வைத்துவிட்டு வந்தார். எனக்கு ஐஸ்கிரீம் வாங்கித் தந்தார். எதையும் சொல்லாதே என்று சொல்லவில்லை. எட்டு வயதுக்காரி ஹோட்டலை நினைவில் வைத்திருப்பாள் என்று அவருக்குத் தோன்றவில்லை போலும்.

நான் அதை நல்ல செய்தியாகத்தான் கொண்டுபோனேன். டவுனில் எல்லாரும் உங்கள் காளானைத்தான் தின்கிறார்கள் என்று ஓடிப்போய்ச் சொன்னேன். சாச்சி நீர் தெளித்துக்கொண்டே, எங்கே கண்டாய் என்று கேட்டார். கண்டதையெல்லாம் சொன்னேன். நீர்ப் போத்தலைக் கீழே வைத்தார்.

"ஆராவது, இன்னொண்டு தாங்க எண்டு கேட்டாங்களா?"

யோசித்தேன். "இல்ல சாச்சி. வேணாமெண்டுதான் சென்னாங்க."

அவர் கவிழ்ந்திருந்த வாளியின் மேல் உட்கார்ந்தார். அழப்போகிறார் என்று நினைத்தேன். தோள்கள் குலுங்கச் சத்தமில்லாமல் சிரித்தார். பிறகு என் தலையைத் தடவினார்.

"இத எனக்கிட்ட சென்னதா வாப்பாக்குத் தெரிய வேணாம், சரியா?"

மறுநாள் காலைச் சாப்பாட்டின்போது சாச்சி இருமினார். காளான் தூள் நெஞ்சில் ஏறுகிறது, இனி இந்த வேலை ஏலாது மச்சான், என்றார். அப்படியென்றால் அந்த ஹோட்டலுக்கு என்ன சொல்வது என்று உம்மா கேட்டார். வாப்பா ரொட்டியைப் பிய்த்தபடி, "அத நான் செல்லிக்கொள்றேன்" என்றார். அன்று மாலை அவர் இருமல் மருந்து ஒரு போத்தல் வாங்கிவந்தார். சாச்சி அதை மூன்று வேளையும் தவறாமல் குடித்தார். வாப்பா வெளியே போயிருந்த நேரங்களில் அவர் ஒரு தடவைகூட இருமவில்லை.

பைகளைக் கிழித்து வாழைக்கு உரமாகக் கொட்டினோம். காப்பு சாச்சியின் கையிலேயே இருந்தது. நாவலப்பிட்டியில் இப்போது அவருக்குச் சொந்தமாகவே ஒரு பாலர் பாடசாலை இருக்கிறது. பிள்ளைகளைச் சேர்த்த தாய்மார், அடுத்த பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வந்து நின்ற பிறகுதான் சொந்தக் கட்டடம் எடுத்தாராம்.

அந்த வருட நோன்புக்கு முந்தின கிழமை, கண்டி ஸ்டேஷனில் அவரை ரயிலேற்றப் போனோம். வாப்பா இன்னொரு போத்தல் மருந்தை நீட்டினார். குளிர் ஊர், உடம்பைப் பார்த்துக்கொள் என்று சொல்லும்போது அவர் சாச்சியின் முகத்தைப் பார்க்கவில்லை. சாச்சி அதை இரண்டு கையாலும் வாங்கி, துணிகளுக்கு நடுவே பத்திரமாக வைத்தார். எனக்குக் கோபம் வந்தது. இருவரும் பொய் சொல்கிறார்கள், உண்மை சொன்ன எனக்கு மட்டும் சாச்சி இல்லாமல் போகிறது. இருமாத ஆளுக்கு எதற்கு மருந்து என்று கேட்க வாயெடுத்தேன். உம்மா, என்னைப் பார்க்காமலே, என் கையை இறுக்கிப் பிடித்தார்.

அந்த மேடையில் எல்லாம் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்று நினைத்துக்கொண்டு நின்றேன்.