எங்கள் பிள்ளைகளின் நினைவாக ஒரு பிரியாணி விருந்து

யாழினிக்கு ஏழு வயது நடந்தபோது திடீரென்று அழகாகிவிட்டாள். அப்படித்தான் எல்லோரும் சொன்னார்கள். அதுவரை அவள் ஒல்லிக்குச்சி. இங்கே மலேசியாவில், கிள்ளானில் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் "பிள்ளைக்குச் சோறு போடுறியா இல்லையா" என்று யாராவது என்னை ஓரங்கட்டிக் கேட்பார்கள். இப்போது கன்னம் உப்பி, கால் உருண்டு வந்தது. என் நாத்தனார் அவள் கையைப் பிடித்து அழுத்திப் பார்த்து, "இப்பதான்லா பிள்ளை மாதிரி இருக்கா" என்றார். நானும் வாயெல்லாம் பல்லாக, நான் கொடுக்கும் டானிக்கின் பெயரைச் சொன்னேன். இரண்டு பேர் அதை வாங்கவும் செய்தார்கள்.

நாத்தனார் அழுத்திய இடத்தில் பள்ளம் அப்படியே நின்றது. அதை நான் பார்த்தேன். பார்த்துவிட்டு, சதை புதிது என்று நினைத்துக்கொண்டேன். இதைப் படிக்கும் பெற்றோர்களே, என்னைப் போல் இருக்காதீர்கள். பிள்ளையின் கண் காலையில் வீங்கியிருந்தால், சிறுநீர் சோப்புத் தண்ணீர் போல நுரைத்தால், டானிக்கை மூடி வைத்துவிட்டு டாக்டரிடம் போங்கள்.

"இது சதை இல்லம்மா, தண்ணி," என்றார் குழந்தைகள் மருத்துவமனையில் டாக்டர் நளினி. நோயின் பெயர் நெஃப்ரோடிக் சின்ட்ரோம் (சிறுநீரகத்தின் வடிகட்டி கசிந்து, உடம்புக்கு வேண்டிய புரதம் சிறுநீரோடு வெளியேறிவிடும் நிலை). புரதம் குறைந்தால் இரத்தத்தில் இருக்க வேண்டிய நீர் வெளியே வந்து உடம்பெங்கும் தேங்கும். என் கணவர் மோகன், "ஆனா நல்லாத்தானே சாப்பிட்டா டாக்டர்" என்று மட்டும் சொன்னார்.

ஸ்டீராய்டு மாத்திரை (வீக்கத்தையும் கசிவையும் அடக்கும் மருந்து) தொடங்கியது. நோய் அடங்கியது. மாத்திரையைக் குறைத்ததும் திரும்ப வந்தது. இதற்கு ரிலாப்ஸ் (அடங்கிய நோய் மறுபடி தலைதூக்குவது) என்று பெயர். ஒரு வருடத்தில் நான்கு முறை வந்தது. தினமும் காலையில் சிறுநீரில் ஒரு காகிதப் பட்டையை நனைத்து நிறம் பார்க்க வேண்டும். மஞ்சள் என்றால் நல்ல நாள், பச்சை என்றால் கெட்ட நாள். எனக்கு அந்த வருடம் திங்கள், செவ்வாய் எல்லாம் கிடையாது. மஞ்சளும் பச்சையும்தான்.

நோயைவிடக் கொடுமை ஊசி. வீங்கிய கையில் சிரை (இரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய், நாம் பேச்சில் நரம்பு என்கிறோம்) தட்டுப்படவே படாது. ஒரு தாதி தட்டிப் பார்ப்பார், இன்னொருவர் தடவிப் பார்ப்பார், மூன்றாவது ஆளாக டாக்டர் வருவார். யாழினி முதலில் தைரியமாகத்தான் இருந்தாள். "சிஸ்டர், என் நரம்பு இன்னிக்கு லீவு" என்று தாதிக்கே சமாதானம் சொன்னவள். நான்காவது ரிலாப்ஸில் ஆறு முறை குத்தினார்கள். ஆறாவதற்குப் பிறகு அவள் அழவில்லை.

"அம்மா, நான் இனிமே வரல. வீங்கியே இருந்துக்கறேன்," என்றாள்.

விளையாட்டாகச் சொல்லவில்லை. அடுத்த முறை கார் நிறுத்துமிடத்தில் சீட் பெல்ட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு இறங்க மறுத்தாள். தூக்கிக்கொண்டு ஓடிய மோகனின் தோளில் பல் பதிந்த தடம் ஒரு வாரம் இருந்தது. டாக்டரோ அடுத்த கட்டத்துக்கு வந்திருந்தார். ரிட்டுக்சிமாப் (நோயைத் தூண்டும் இரத்த அணுக்களை அடக்கும் மருந்து) இரண்டு தவணை போட வேண்டும். சொட்டுச் சொட்டாக, அரை நாள் ஆகும். நரம்பு கிடைக்க வேண்டும், பிள்ளையும் கையை ஆட்டாமல் இருக்க வேண்டும்.

"தோலுக்கு மேல லைட் அடிச்சா நரம்பைக் காட்டுற மெஷின் ஒண்ணு இருக்கு. நாங்களும் கேட்டிருக்கோம். வரிசை கொஞ்சம் நீளம்," என்றார் டாக்டர்.

எங்கள் வார்டில் இன்னும் இரண்டு குடும்பங்கள் இதே பாட்டைப் பட்டுக்கொண்டிருந்தன. டெங்கில் பக்கம் லோரி ஓட்டும் சிவபாலன் அண்ணன், அவர் மகன் கவின். ஜெஞ்சாரோமிலிருந்து வரும் மலாய்க்காரப் பெண் ரொஹானா அக்கா, அவர் மகள் அய்னா. மருத்துவமனை கேன்டீனில் உட்கார்ந்து பேசினோம். மூன்று குடும்பமும் சேர்ந்து பிரியாணி விற்று அந்த மெஷினை வாங்கிக் கொடுப்பது என்று முடிவானது. யாழினியின் முதல் தவணைக்கு முன்னால் அது வந்தாக வேண்டும் என்பது என் பிரார்த்தனை. டாக்டர் நளினி மேலிடத்தில் அனுமதி வாங்கித் தந்தார். பிரிக்பீல்ட்ஸில் ஒரு மண்டபமும் ஞாயிற்றுக்கிழமைக்குக் கிடைத்தது. கோழி ரொஹானா அக்கா பொறுப்பு, சமையலும் தொலைபேசியும் சிவபாலன் அண்ணன் பொறுப்பு.

தமிழ் என் பொறுப்பு. இதில் என் தலைக்கனத்தைச் சொல்லியாக வேண்டும். சிவபாலன் அண்ணன் படித்தது மலாய்ப் பள்ளி. தமிழ் பேசுவார், படிக்க வராது. மோகன் எழுத்துக் கூட்டுவதற்குள் பேருந்து போய்விடும். நான் தமிழ்ப்பள்ளியில் கட்டுரைப் போட்டிக்கெல்லாம் போனவள். பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் யாராவது 'பல்லி விடுமுறை' என்று எழுதினால், 'பள்ளி' என்று திருத்தி அனுப்பாமல் எனக்குச் சோறு இறங்காது. அதனால் விளம்பர வாசகத்தை யாரிடமும் காட்டாமல் நானே எழுதினேன்.

அந்த நாட்களில் நான் சதா பிள்ளை நினைவாகவே இருந்தேன். மற்ற இரண்டு வீட்டிலும் அப்படித்தான். எனவே இப்படி எழுதினேன்: 'எங்கள் பிள்ளைகளின் நினைவாக, குடும்பங்கள் ஒன்றுகூடி வழங்கும் பிரியாணி விருந்து. அனைவரும் வருக.'

சரியாக இருக்கிறதே என்று உங்களுக்கும் ஒரு நொடி தோன்றினால் எனக்குக் கொஞ்சம் ஆறுதல்.

பேனர் அச்சடிப்பவர் புதுக்கோட்டைக்காரர், வேலை பெர்மிட்டில் வந்தவர். வாசகத்தையும் மூன்று பிள்ளைகளின் படத்தையும் அனுப்பினேன். சற்று நேரத்தில் அவரே போன் செய்தார்.

"அக்கா, மூணு பிள்ளைங்களுமா?"

"ஆமாண்ணே. மூணு பேரும் ஒரே ஹாஸ்பிட்டல், ஒரே வார்டு."

மறுமுனையில் அச்சு மெஷினை நிறுத்தும் சத்தம் கேட்டது. பிறகு, "என்ன ஹாஸ்பிட்டல்க்கா அது!" என்றார்.

"ரொம்ப நல்லாப் பாத்துக்கறாங்க அண்ணே. டாக்டருக்கெல்லாம் தங்கமான மனசு."

"நீங்க பெரிய மனசுக்காரங்கக்கா," என்றவர் குரல் உடைந்துவிட்டது. கூலி வாங்கமாட்டேன் என்று பிடிவாதமாகச் சொன்னார். இப்படியும் மனிதர்கள் இருக்கிறார்களே என்று நான் மோகனிடம் சொல்லி மாய்ந்துபோனேன்.

பேனர் வந்தது. பிள்ளைகளின் படங்களுக்கு இருபுறமும் குத்துவிளக்கு, மேலே மேகம், மேகத்தில் பறக்கும் வெள்ளைப் புறாக்கள். நம் ஊரில் விளக்கில்லாத விழா ஏது? புறா சமாதானம். ரொஹானா அக்கா பார்த்துவிட்டு "சந்தேக்!" என்றார் (மலாயில் அழகு). அப்போதாவது எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். படத்தை வியாழக்கிழமையே வாட்ஸ்அப்பில் பறக்கவிட்டோம். அதன்பின் யாழினிக்குச் சளி பிடித்து நானும் மோகனும் இரண்டு நாள் போனையே தொடவில்லை.

சனிக்கிழமை மாலை சிவபாலன் அண்ணன் கூப்பிட்டார். குரலில் உற்சாகம் தாளவில்லை.

"சிஸ்டர், மெசேஜ் மழையா கொட்டுது லா! எல்லாம் கை கூப்பி எமோஜி. தமிழ்ல நீளமா என்னமோ எழுதிருக்காங்க."

"நீங்க என்ன போட்டீங்க அண்ணே?"

"எல்லாருக்கும் ஒரே பதில்தான். நன்றி, கட்டாயம் வாங்க, பிரியாணி இருக்கு!"

ஞாயிறு பதினொரு மணிக்கெல்லாம் கூட்டம் வந்துவிட்டது. பெரும்பாலும் வெள்ளை உடுப்பு. வெயிலுக்கு என்று நினைத்தேன். யாரும் கூப்பன் வாங்கவில்லை. நேராகப் போய் உட்கார்ந்தார்கள், தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டார்கள். பெட்டாலிங் ஜெயாவிலிருந்து வந்த மோகனின் தாய்மாமா மூக்கை உறிஞ்சிக்கொண்டே மூன்றாவது தட்டுக்குப் போனார். கூப்பன் மேசையில் உட்கார்ந்திருந்த எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. ஓசியில் தின்றுவிட்டு அழுகை வேறா? மெஷின் என்னாவது? யாரோ ஒரு மலர்வளையம் கொண்டுவந்தார்கள். கடைத் திறப்புக்கு வைக்கும் பூ அலங்காரம் என்று நினைத்து ரொஹானா அக்கா அதை வாசலில் நடுநாயகமாக வைத்தார்.

அப்போதுதான் யாழினியின் வகுப்பாசிரியர் செல்வராணி டீச்சர் வந்தார். கையில் பெரிய உறை. என்னைக் கட்டிக்கொண்டு விம்மினார்.

"அழாதீங்க டீச்சர். இப்ப பரவால்ல. வலி ஒண்ணும் இல்ல," என்றேன்.

"தெரியும்மா. நல்ல இடத்துலதான் இருக்கா. வெள்ளிக்கிழமை அசெம்ப்ளியில ஒரு நிமிஷம் மௌனமா நின்னோம்."

பிரார்த்தனை போலிருக்கிறது என்று நினைத்தேன். "ரொம்ப நன்றி டீச்சர். இப்ப வந்துருவா. அவங்க அப்பா கார்ல கூட்டிட்டு வராரு."

டீச்சர் என்னை விட்டு இரண்டடி பின்னால் போனார். என் முகத்தைப் பார்த்தார், பேனரைப் பார்த்தார். கண்ணீர் நின்று, முகம் வகுப்பறைக்கு வந்துவிட்டது.

"இத எழுதுனது யாரு?"

"நான்தான் டீச்சர்."

"'நினைவாக'ன்னா என்னன்னு தெரியுமா?"

நான் திரும்பிப் பேனரைப் படித்தேன், வேறு யாரோ எழுதியதைப் படிப்பது போல. மேகத்தில், இரண்டு விளக்குக்கு நடுவில், புறாக்களுக்குக் கீழே என் மகள் சிரித்துக்கொண்டிருந்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தேன். ஒரு வருடமாக நான் நினைக்கவே கூடாது என்று பல்லைக் கடித்து விலக்கி வைத்திருந்த ஒன்றை, என் கையாலேயே எழுதி, ஊரெல்லாம் அனுப்பி, விருந்துக்கும் அழைத்திருக்கிறேன். டீச்சர் கொண்டுவந்த உறை மடியில் விழுந்து பிரிந்தது. வகுப்புப் பிள்ளைகள் வரைந்த படங்கள். 'போய் வா யாழினி' என்று ஒவ்வொன்றிலும் எழுதியிருந்தது. எழுத்துப் பிழையே இல்லை.

மோகன் அவளை உள்ளே அழைத்து வந்தார். முகக்கவசம், தொப்பி. பத்து நிமிடம் எட்ட நின்று கையசைக்க மட்டும்தான் டாக்டரிடம் அனுமதி வாங்கியிருந்தோம். கதவருகே இருந்த என் நாத்தனார் "முருகா!" என்று அலறி அப்பளத் தட்டைக் கீழே போட்டார். யாழினி எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"ஏன் எல்லாரும் அழுவுறாங்க? பிரியாணி நல்லா இல்லையா?"

அதன்பிறகு நடந்ததை வரிசையாகச் சொல்ல முடியாது. அழுதவர்கள் சிரித்தார்கள், சிரித்தவர்கள் இன்னும் அழுதார்கள். தாய்மாமா மூன்று தட்டுக்கும் கூப்பன் வாங்க ஓடிவந்தார், பின்னாலேயே மொத்தக் கூட்டமும் வந்தது. துக்கத்துக்குக் கொடுக்க எடுத்துவந்த வெள்ளை உறைகளை யாரும் வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோகவில்லை. சிவபாலன் அண்ணன் தன் போனை ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார். 'ஆழ்ந்த இரங்கல்' என்று அவர் படிக்கப் படிக்க, "அலாமா, இதுக்கா நான் பிரியாணி இருக்குன்னு போட்டேன்!" என்று தலையில் கைவைத்துக்கொண்டார். புதுக்கோட்டைக்காரர் எல்லோருக்கும் பின்னால் நின்று யாழினியையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கிட்டே போனதும், "மன்னிச்சுருங்கக்கா, கேட்டிருக்கணும்" என்றார். மன்னிப்புக் கேட்க வேண்டியவள் நான்தான்.

அவருக்குப் பக்கத்தில் ரொஹானா அக்கா வந்து என்ன நடக்கிறது என்று மலாயில் கேட்டார். சொன்னேன். வாசலுக்கு ஓடிப்போய் மலர்வளையத்தைத் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விட்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று முதுகைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

மெஷின் முதல் தவணைக்கு நான்கு நாள் முன்னால் வார்டுக்கு வந்தது. தவணை நாளன்றும் யாழினி சீட் பெல்ட்டைப் பிடித்தாள். லைட்டை மட்டும் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்று பொய் சொல்லித்தான் இறக்கினோம். தாதி அவள் கைமேல் விளக்கைக் காட்டினார். பச்சை வெளிச்சத்தில் கருப்புக் கோடுகள் கிளைகிளையாகத் தெரிந்தன. யாழினி மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள்.

"அம்மா, லீவு இல்ல. உள்ளதான் இருந்திருக்கு."

அவளே ஒரு கோட்டைக் காட்டினாள். தாதி அதிலேயே குத்தினார். ஒரே ஊசி. பிறகு என் கையையும் வைக்கச் சொன்னாள். என் நரம்பும் அதே போலக் கிளைவிட்டு ஓடியது. வருடம் முழுவதும் அவள் உடம்பை நான் காகிதப் பட்டையில்தான் படித்தேன். எனக்கென்று ஒன்று இருப்பதே மறந்துபோயிருந்தது. இருவர் கையையும் சேர்த்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தோம், தாதி போதும் என்று சொல்லும்வரை.

இரண்டாவது தவணையும் முடிந்தது. பட்டை பல வாரங்களாக மஞ்சளிலேயே நிற்கிறது. திரும்ப வராது என்று டாக்டர் சொல்லவில்லை. நானும் உங்களுக்குச் சொல்லமாட்டேன். "ஆறு மாசம் கழிச்சு வாங்க" என்று மட்டும் சொன்னார். ஆறு மாதம் என்றால் எவ்வளவு என்று எனக்குப் பிடிபடவில்லை. மறுபடி கேட்டேன். அவரும் மறுபடி சொன்னார்.

காரில் யாழினி விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள்.

"அப்ப எனக்கு ஒம்போது வயசும்மா. நரம்பும் பெருசாயிடும். லைட்டைச் சின்னப் பிள்ளைங்களுக்குக் குடுத்துடச் சொல்லுங்க."

ஒன்பது வயது. நான் அதை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன்.