பதினெட்டாம் வருட மாலை

பெரம்பலூரில் எங்கள் பகுதியில் செப்டிக் டேங்க் நிரம்பினால் எல்லோரும் கூப்பிடுவது செல்லக்கண்ணுவைத்தான். சொந்த லாரி. ரஞ்சன்குடியிலிருந்து அரியலூர் வரைக்கும் ஓட்டுவார். அவரைப் போன்ற சுத்தக்காரரை நான் பார்த்ததில்லை. வேலை முடிந்து வந்தால் வாசலிலேயே குளியல். முதலில் சீயக்காய், பிறகு சோப்பு, நகக்கண்ணுக்கு ஒரு பழைய பிரஷ். அதன் பிறகுதான் வீட்டுக்குள் கால் வைப்பார். நானெல்லாம் ஜெராக்ஸ் கடையைச் சாத்திவிட்டு வந்து, கையைக்கூடக் கழுவாமல் சாப்பிட உட்காருகிற ஆள்.

கார்த்திகை முதல் தேதி ஐயப்பனுக்கு மாலை போட்டதும் லாரிச் சாவியை மச்சான் தமிழ்மாறனிடம் கொடுத்துவிடுவார். மலைக்குப் போய் வரும்வரை வண்டியைத் தொட மாட்டார். குருசாமி போட்ட சட்டம் இல்லை அது, அவரே போட்டுக்கொண்டது. விடிவதற்குள் பச்சைத்தண்ணீர்க் குளியல், ஒருவேளைச் சாப்பாடு, வெறுந்தரையில் படுக்கை. இப்படிப் பதினேழு வருடம் போய் வந்துவிட்டார். பதினெட்டாவது வருடம் போகிறவர் மலைக்குத் தென்னங்கன்று சுமந்துபோவார். திரும்பி வந்தால் அவரும் குருசாமிதான், மற்றவர்களுக்கு மாலை போட்டுவிடலாம். போன கார்த்திகையில் செல்லக்கண்ணுவுக்குப் பதினெட்டு.

எங்கள் கூட்டத்தில் முப்பது பேர். ஞாயிறுதோறும் ஒரு சாமி வீட்டில் பூஜை, பஜனை, சாப்பாடு. செல்லக்கண்ணு வீட்டில் மட்டும் ஒருமுறைகூட நடந்ததில்லை. "எடம் பத்தாது சாமி, புள்ளையார் கோயில்லயே வச்சுக்குவோம்" என்பார் குருசாமி கண்ணையன். நிலம் நீச்சு உள்ளவர், பேச்சில் தேன் ஒழுகும். என் வீட்டில் இடம் இன்னும் குறைவு, அங்கே நாலு தடவை நடந்துவிட்டது. செல்லக்கண்ணுவின் தொழிலும் அவர் பிறந்த தெருவும்தான் காரணம் என்று எல்லோருக்கும் தெரியும். வாயைத் திறக்க யாருக்குத் துணிச்சல்? எனக்கும் இல்லை.

பதினெட்டாம் வருடமாயிற்றே என்று செல்லக்கண்ணு வாய்விட்டுக் கேட்டுவிட்டார். மார்கழி முதல் ஞாயிறு உங்கள் வீட்டில்தான் என்று குருசாமியும் தலையாட்டினார்.

அந்த ஞாயிறு காலை ஏழு மணிக்குக் குருசாமி எனக்குப் போன் செய்தார். "பரணி சாமி, இன்னிக்குக் கூட்டம் சாஸ்தியா வரும்போல இருக்கு. பூஜைய நம்ம வூட்டுலயே வச்சுக்குவோம். செல்லக்கண்ணு சாமிகிட்ட பக்குவமாச் சொல்லிடுங்க." பக்குவமாம்! யார் தலையில் கட்டலாம் என்று பார்த்திருக்கிறார், என் தலை கிடைத்தது.

நான் போனபோது செல்லக்கண்ணுவின் மனைவி புவனேஸ்வரி வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தார். வீடெல்லாம் மஞ்சள் தண்ணீர் தெளித்திருந்தது. சுண்டலுக்கு அண்டா நிறையக் கடலை ஊறிக்கொண்டிருந்தது. மென்று விழுங்கி ஒருவழியாகச் சொல்லி முடித்தேன். புவனேஸ்வரி கோலமாவை அப்படியே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். செல்லக்கண்ணு குனிந்து கோலமாவு டப்பாவை எடுத்து ஓரமாக வைத்தார். பிறகு, "டீ குடிக்கிறீங்களா சாமி?" என்றார்.

"இப்பத்தான் குடிச்சேன்" என்றேன். குடிக்கவில்லை.

அப்போது அவர் போன் அடித்தது. குருசாமியின் மனைவி சாந்தா. குரல் எனக்கே கேட்டது. "சாமி, டேங்க் ரொம்பி வாசலெல்லாம் வருது. சாயந்தரம் பூஜ. தமிழ்மாறன் போன எடுக்க மாட்டேங்குறாரு. சீக்கிரம் லாரிய அனுப்பி வுடுங்க சாமி, புண்ணியமாப் போவும்."

தமிழ்மாறன் காய்ச்சலில் படுத்திருந்தார். லாரி கொல்லையில் வேப்பமரத்தடியில் நின்றது. செல்லக்கண்ணு அதைப் பார்த்துக்கொண்டே, "லாரி செந்துறைக்குப் போயிருக்கும்மா. வர நேரமாவும்" என்று போனை வைத்தார். அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. அப்படி ஒரு சிரிப்பை அவரிடம் நான் பார்த்ததே இல்லை. எனக்கும் உள்ளுக்குள் குளுகுளுவென்றிருந்தது, ஏன் மறைக்க வேண்டும்?

பகல் ஒரு மணிக்கு அவரே லாரியை ஓட்டிக்கொண்டு குருசாமி வீட்டுக்கு வந்தார். கறுப்பு வேட்டி இல்லை, காக்கி. பூஜை ஏற்பாட்டுக்கு வந்திருந்த நாங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு தெருமுனையில் நின்றோம். ஒற்றை ஆளாகக் குழாயை இழுத்துப் போட்டு, எல்லாவற்றையும் உறிஞ்சி எடுத்து, வாசலில் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவிவிட்டார். பிறகு வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு, ஐந்து மணிக்குக் கறுப்பு வேட்டியோடு வந்து வாசலில் நின்றார்.

குருசாமிக்குக் கண் கலங்கிவிட்டது. நடிப்பு என்று சொல்ல மாட்டேன். "வெரதத்துல வண்டியத் தொட்டுட்டோமேன்னு கலங்காதீங்க சாமி. இதுல தீட்டே கெடையாது. உள்ள வாங்க."

"மாலையக் கழட்டி வுடுங்க சாமி" என்றார் செல்லக்கண்ணு.

"அட என்னங்க சாமி! வண்டியத் தொட்டதுக்கா?"

"அதுக்கு இல்லீங்க. உங்க வூட்டம்மா போன் பண்ணப்ப வண்டி எங்க வூட்லதான் நின்னுச்சு. செந்துறையில இருக்குன்னு பொய் சொன்னேன். நல்லா நாறட்டும்னு நெனச்சேன். மத்தியானம் வரைக்கும் அந்தச் சந்தோசத்துலயே உக்காந்திருந்தேன். எத்தன தடவ தேச்சுக் குளிச்சாலும் அது போவ மாட்டேங்குது."

பஜனைக்கு உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தோம். மாலையைக் கழற்றினால் இந்த வருடம் மலை இல்லை, தென்னங்கன்று இல்லை, குருசாமி பட்டமும் இல்லை. சமாதானப்படுத்துவதாக நினைத்துக் கண்ணையன் சிரித்தார். "மனசுல நெனச்சதுக்கெல்லாம் கழட்டணும்னா, நம்ம கூட்டத்துல ஒருத்தர் கழுத்துலயும் மால இருக்காது சாமி."

"அது எனக்குப் பதினேழு வருசமாத் தெரியுங்க சாமி" என்றார் செல்லக்கண்ணு. குரல் உயரவே இல்லை. "என்னோடத மட்டும் கழட்டி வுடுங்க."

குருசாமியின் கை வெகுநேரம் எழவில்லை. கடைசியில் சரணம் சொல்லிக் கழற்றினார். செல்லக்கண்ணு அவரைக் கும்பிட்டுவிட்டு, கழுவிய வாசல் வழியாக வீட்டுக்குப் போனார். பஜனையைத் தொடங்கச் சொன்னார் குருசாமி. முதல் பாட்டை எடுத்துக்கொடுக்க எங்களில் ஒருவருக்கும் வாய் வரவில்லை.