கடத்தூர் முகாமுக்கு வந்த பதினொரு பேர்

ஜுபைதா டீச்சரின் முகத்தைப் பார்ப்பதற்கு இரண்டு வருஷம் முன்பே அவருடைய கையெழுத்து எனக்குப் பழக்கம். அப்போது நான் இண்டூரில் பி.டி. மாஸ்டர். மாதம் ஒருமுறை தபாலில் இரண்டு தாள் வரும். சைக்ளோஸ்டைல் மையின் வாசனையோடு, குண்டு குண்டான எழுத்தில், மேலே 'வளையம்' என்று தலைப்புப் போட்டிருக்கும். எந்தப் பள்ளிக்கூடத்துக் கூடைப்பந்து அணி எங்கே ஆடியது, யார் ஜெயித்தது, அடுத்த போட்டி எந்த ஊரில், எந்த விதி மாறியிருக்கிறது எல்லாம் அதில் இருக்கும். கடைசியில் ஆட்ட உத்தி ஒன்று, வட்டமும் அம்புக்குறியுமாகப் படம் போட்டு.

புளி மண்டி வைத்திருந்த நூர் பாஷாவின் மகள் அவர். சென்னையில் உடற்பயிற்சி படிப்பு முடித்துவிட்டு, அறுபத்து நாலில் தருமபுரியில் ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தார். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, கேன்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு கிரவுண்டில் நிற்பாராம். 1969-ல் மாவட்டப் போட்டி நடந்தது. ரிங்குக்குக் கீழே மூன்று விநாடிக்கு மேல் நிற்கக் கூடாது என்ற விதியே தெரியாத ஒரு மாஸ்டர், நடுவர் வேண்டுமென்றே விசில் அடிக்கிறார் என்று நினைத்துத் தன் பிள்ளைகளைப் பாதி ஆட்டத்தில் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அந்தப் பெண் பிள்ளைகள் அழுதுகொண்டே பஸ் ஏறியதைப் பார்த்த பிறகுதான் டீச்சர் 'வளையம்' ஆரம்பித்தார். தலைமையாசிரியை ராணியம்மாளிடம் கேட்டு, பள்ளிக்கூடத்து மெஷினிலேயே ஓட்டினார். மாவட்டம் முழுக்க முப்பத்தெட்டு பேருக்கு அது போனது.

1976 பிப்ரவரி இதழில் வந்த படம் மாயவன் அனுப்பியது. மாயவன் தீர்த்தமலைப் பக்கம் ஓர் உயர்நிலைப் பள்ளியில் மாஸ்டர். எதிரணி ஐந்து பேரும் ரிங்கைச் சுற்றி நின்று தடுக்கும்போது எப்படிப் புள்ளி எடுப்பது என்பதற்கான படம். படம்தான் அவருடையது, எழுத்து டீச்சருடையது. டீச்சருக்குக் கொஞ்சம் போர்க்கள நடை பிடிக்கும். இப்படி எழுதியிருந்தார்:

"எதிரிகள் வளையத்தைச் சுற்றிக் காவல் நிற்கும்போது நேராகப் போய் மோதாதீர்கள். இரண்டு பேர் இடப்பக்கம் கூச்சல் கிளப்பி ஆட்களை இழுக்க வேண்டும். மூன்றாவது ஆள் பின்னால் புகுந்து தாக்க வேண்டும். 29-ந் தேதி ஞாயிறு காலை கடத்தூரில் கூடும்போது நேரில் செய்து காட்டப்படும்."

எமர்ஜென்சி வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. ஜனவரி கடைசியில் மாநில ஆட்சியையும் கலைத்துவிட்டார்கள். அதற்கப்புறம் டீக்கடையில் அரசியல் பேசுவது நின்றுபோனது. யாரையாவது பிடித்துக்கொண்டு போனார்கள் என்று கேள்விப்பட்டால், ஏன் என்று கேட்கக்கூடப் பயந்தார்கள். மலையோரத்து ஊர்களில் யாரோ துண்டறிக்கை போடுகிறார்கள் என்றும் ஒரு பேச்சு இருந்தது.

பதினெட்டாம் தேதி புதன்கிழமை மத்தியானம் கடத்தூர் மாஸ்டர் ராஜாமணி பஸ் பிடித்து தருமபுரிக்கு வந்தார். டீச்சர் பெண்களுக்குப் பந்து எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். ராஜாமணி கிரவுண்டுக்குள் வராமல் கேட்டுக்கு வெளியிலேயே நின்று கையைக் காட்டினார்.

"டீச்சர், மாயவனைப் போலீஸ் கூட்டிக்கினு போயிட்டாங்க. முந்தாநாள். வூட்டுல இருந்தே."

"எதுக்குங்க?"

"தபால்ல வந்த வளையத்துல ஒரு தாள் கிழிஞ்சு போச்சாம். ரெண்டாவது தாள் மட்டும்தான் அவங்க கையில மாட்டுச்சாம். படம் போட்ட தாள்."

டீச்சர் அந்தத் தாளை மனதுக்குள் படித்துப் பார்த்தார். முதல் தாள் இல்லாமல் படித்தால் அதில் கூடைப்பந்து என்ற சொல்லே இல்லை. எதிரி, காவல், தாக்குதல், கடத்தூர், தேதி. கையிலிருந்த பந்தைக் கீழே வைக்கத் தோன்றாமல், பிடித்துக்கொண்டே நின்றதாகப் பின்னால் என்னிடம் சொன்னார்.

"என் பேரைச் சொன்னாராங்க?"

"தெரியலீங்க டீச்சர். குள்ளம்மாளைக்கூடப் பாக்க விடலியாம்."

குள்ளம்மாள் மாயவனின் மனைவி. ராஜாமணி அதற்கு மேல் நிற்கவில்லை. வந்த பஸ்ஸிலேயே திரும்பிவிட்டார்.

டீச்சரின் கணவர் அப்துல் சுபான் தகரப் பெட்டி செய்யும் பட்டறை வைத்திருந்தார். சத்தம் போட்டுப் பேசத் தெரியாத மனிதர். டீச்சர் நேராகப் பட்டறைக்குப் போய் விஷயத்தைச் சொன்னதும் அவர் கேட்டது ஒன்றுதான்.

"அட்ரஸ் எல்லாம் எழுதி வெச்சிருக்கியே, அந்த நோட்டு எங்க?"

முப்பத்தெட்டு பேரின் விலாசமும் அந்த நோட்டில் இருந்தது. அது கிடைத்தால் முப்பத்தெட்டு வீட்டுக்கும் போவார்கள் என்றார் அவர். தகரத்துக்குப் பற்று வைக்கும் கரி அடுப்பிலேயே நோட்டைப் போட்டார்கள். அட்டை கனமாக இருந்ததால் எரிய நேரமானது. யாராவது பெட்டி வாங்க வந்துவிடுவார்களோ என்று டீச்சர் வாசலை மறைத்துக்கொண்டு நின்றார்.

வெள்ளிக்கிழமை போலீஸ் பள்ளிக்கூடத்துக்கே வந்தது. எந்தெந்தப் பள்ளிக்கூடத்தில் சைக்ளோஸ்டைல் மெஷின் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே வந்தவர்கள், நோட்டீஸ் போர்டில் 'மாலை பயிற்சி உண்டு' என்று எழுதியிருந்ததைப் பார்த்தார்கள். அதே குண்டு எழுத்து. ராணியம்மாளை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, அவருடைய அறையிலேயே இன்ஸ்பெக்டர் டீச்சரை விசாரித்தார். அதட்டவே இல்லை. டீச்சர் என்று மரியாதையாகக் கூப்பிட்டார். அந்த மரியாதைதான் அதிகம் பயமுறுத்தியது என்பார் டீச்சர்.

"இது உங்க கையெழுத்துதானுங்களா டீச்சர்?"

"ஆமாங்க சார்."

"எதிரின்னா யாரு?"

"எதிர் டீமுங்க சார். இது பாஸ்கெட் பால்."

"எதிர் டீம்னு எழுத வேண்டியதுதானே? மாயவனும் பாஸ்கெட் பால்னுதான் சொல்றான். யாரு அனுப்பினதுன்னா மட்டும் வாயைத் திறக்க மாட்டேங்கறான். அஞ்சு நாளாச்சு." தாளைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். "பின்னால புகுந்து தாக்கணும்னு இருக்கே, அந்த மூணாவது ஆள் யாரு?"

"யாரும் இல்லீங்க சார். அது வெறும் நம்பருங்க."

"ஏன் இப்படி நடுங்கறீங்க?"

மாயவன் ஐந்து நாளாக டீச்சரின் பெயரைச் சொல்லவில்லை என்பது அவர் காதில் விழுந்தது. ஆனாலும் அதைப் பற்றி யோசிக்க அந்த நேரத்தில் புத்தி நிற்கவில்லை.

"இதை எழுதினது யாரு?"

"மாயவன் சார் அனுப்பினதுங்க. நான் காப்பிதான் எடுத்தேன்."

அதை அப்படியே எழுதச் சொன்னார்கள். கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள். படத்தை அனுப்பியது மாயவன்தான், அது பொய் இல்லை. ஆனால் அவர்கள் கேட்டது படத்தை அல்ல, அந்த வார்த்தைகளை. தெரிந்தும் டீச்சர் வாயை மூடிக்கொண்டார்.

"வேற யாருக்கெல்லாம் அனுப்பறீங்க? லிஸ்ட் குடுங்க."

"நோட்டு காணோமுங்க சார். தேடிக்கிட்டிருக்கேன்."

இன்ஸ்பெக்டர் சிரித்தார். "பரவாயில்ல. இருபத்தொம்பதாம் தேதி கூட்டம் நடக்கட்டும். நிறுத்தக் கூடாது. யாருக்கும் ஒரு வரி எழுதக் கூடாது, சொல்லியனுப்பவும் கூடாது. வர்றவங்களை நேர்லயே பாத்துக்கறோம்."

அந்த ஒன்பது நாளும் டீச்சருக்குச் சோறு இறங்கவில்லை. ராணியம்மாள் மெஷின் இருந்த அறையைப் பூட்டிச் சாவியை வீட்டுக்கே கொண்டுபோய்விட்டார். பள்ளிக்கூடத்தில் யாரும் எதுவும் கேட்கவில்லை. ஆனால் ஆசிரியைகள் டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். வாசலில் சைக்கிள் நின்றால் அப்துல் சுபான் எழுந்துவிடுவார்.

"கிருஷ்ணகிரியில எங்கக்கா வூட்டுக்குப் போயிடலாம் ஜுபைதா. ஒடம்பு சரியில்லன்னு லீவு எழுதிக் குடு."

"நான் போகலேன்னா, வர்றவங்களை யாருங்க பாக்கறது? நான்தானே கூப்பிட்டேன்."

மனப்பாடமாகத் தெரிந்த நாலு விலாசத்துக்காவது எழுதலாம் என்று நாலு தபால் கார்டு வாங்கி வைத்திருந்தாராம். 'வர வேண்டாம்' என்று இரண்டு வார்த்தை எழுதினால் போதும். ஆனால் எந்தக் கார்டை எங்கே எடுத்துப் படிப்பார்களோ என்ற பயத்தில் ஒன்றையும் எழுதவில்லை. முப்பத்தெட்டு பேரில் ஒருவர்கூட வராமல் இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டார். உடனே, ஒருவரும் வராவிட்டால் தானே சொல்லித் தடுத்ததாகப் போலீஸ் நினைக்குமே என்றும் பயம் வந்தது.

ராஜாமணியைத் தவிர எங்களில் யாருக்கும் இது எதுவும் தெரியாது. மாயவன் விஷயம்கூட எனக்கு எட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் இண்டூரில் பஸ் ஏறி, தருமபுரியில் மாறி, கடத்தூரில் இறங்கும்போது எட்டரை மணி. ராஜாமணி சுண்ணாம்புக் கோடு போட்டு வைத்திருந்தார். மதில் ஓரமாக வேட்டி சட்டையில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். யாரோ பிள்ளைகளின் அப்பாக்கள் என்று நினைத்து நான் கும்பிட்டுவிட்டுப் போனேன். ஒருவர் மட்டும் திரும்பக் கும்பிட்டார்.

நான் இண்டூர் மாஸ்டர் என்று சொன்னதும் டீச்சர், "நீங்க ஏங்க வந்தீங்க?" என்றார். எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. இவ்வளவு தூரம் வந்தவனை இப்படியா கேட்பது! ஒவ்வொரு பஸ் நிற்கும்போதும் அவர் ரோட்டைப் பார்த்தார். இறங்கி வருகிறவர்களைப் பார்க்கப் பார்க்க முகம் வெளிறியது. ராஜாமணியையும் சேர்த்துப் பதினொரு பேர் தேறினோம். டீச்சர் விசிலை வாயில் வைத்தார். காற்றுதான் வந்தது. இரண்டாம் தடவையும் சத்தம் வரவில்லை. கடைசியில் கையைத் தட்டித்தான் கூப்பிட்டார்.

ஐந்து பேர் ரிங்கைச் சுற்றி நிற்க, ஐந்து பேர் பந்தோடு வரவேண்டும். மிச்சம் இருந்த நான் கோட்டுக்கு வெளியே. டீச்சர் ஒவ்வொருவரையும் இழுத்து நிறுத்தி, கால் வைக்கும் இடத்தைக் காட்டினார். "எதிரணி," என்று மட்டும் சொன்னார். அந்தச் சொல்லை மதில் பக்கம் திரும்பி, சத்தமாகச் சொன்னார்.

முதல் தடவை பந்து தவறியது. இரண்டாம் தடவை இடப்பக்கம் இரண்டு பேர் கூச்சல் போட, தடுத்து நின்றவர்கள் அந்தப் பக்கம் சாய்ந்தார்கள். பென்னாகரத்திலிருந்து வந்த முனிராஜ், நல்ல கனத்த சாரீரம், இதழை அப்படியே மனப்பாடம் செய்துகொண்டு வந்தவர், ஊருக்கே கேட்கிற மாதிரிக் கத்தினார்:

"பின்னால பூந்து தாக்குங்கய்யா! எதிரியை விடாதீங்க, தாக்குங்க!"

மதில் ஓரத்து ஆட்கள் இரண்டு பேரும் எழுந்துவிட்டார்கள்.

ராஜாமணி பின்னால் புகுந்து பந்தை ரிங்கில் போட்டார். எங்களில் யாரோ கைதட்டினார்கள். டீச்சர் கைதட்டவில்லை. நேராக மதிலை நோக்கி நடந்தார். நான் கோட்டுக்கு வெளியே நின்றதால் அவர் பேசியது காதில் விழுந்தது.

"சார், இதாங்க அந்தப் படம். நீங்களே பாத்தீங்க." மூச்சு வாங்கினார். "இன்னொண்ணு சொல்லணும். அன்னைக்கு நான் சரியாச் சொல்லல. அந்த வார்த்தைங்க மாயவன் சாருது இல்லீங்க. எதிரி, தாக்குதல் எல்லாம் நான் எழுதினது. பயத்துல அவரு மேல போட்டுட்டேன். மாத்தி எழுதிக்குங்க."

அவர்களில் வயதானவர் சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்தார். "எழுதறேன். பந்து விளையாட்டுதான்னும் எழுதறேன். மேல இருக்கறவங்க என்ன நினைப்பாங்கன்னு எனக்குத் தெரியாதும்மா."

அப்புறம் எங்களை வரிசையாக நிற்க வைத்து, பெயர், ஊர், பள்ளிக்கூடம், அப்பா பெயர் எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டார்கள். அப்போதுதான் எங்களுக்கு விஷயமே புரிந்தது. முனிராஜின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. கத்திய வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு நின்றார். எழுதி முடித்ததும் போகச் சொன்னார்கள். ராஜாமணி வீட்டில் எங்களுக்காக ஆக்கியிருந்த சோற்றை யாரும் தொடவில்லை. பஸ்ஸில் தனித்தனி சீட்டில் உட்கார்ந்து, ஒருவரோடு ஒருவர் பேசாமல் ஊர் திரும்பினோம். அடுத்த ஒரு மாதம் யார் கதவைத் தட்டினாலும் என் மனைவிதான் போய்த் திறந்தாள்.

செவ்வாய்க்கிழமை மாயவனை விட்டுவிட்டார்கள். வார்த்தையை மாற்றி எழுதியதால் விட்டார்களா, தானாகவே விட்டார்களா, கடைசிவரைக்கும் தெரியாது. டீச்சரை மறுபடி கூப்பிடவில்லை. 'வளையம்' மட்டும் கூடாது என்று ராணியம்மாள் மூலமாகச் சொல்லிவிட்டார்கள்.

அந்த வாரமே டீச்சரும் அப்துல் சுபானும் மாயவன் ஊருக்குப் போனார்கள். கதவைத் திறந்த குள்ளம்மாள் வாங்க என்று சொல்லவில்லை, போங்க என்றும் சொல்லவில்லை. மாயவன் வலது கையைத் துணியால் சுற்றி மடியில் வைத்துக்கொண்டிருந்தார். விரல்கள் வீங்கியிருந்தன.

"சார், நான் உங்க பேரைச் சொல்லிட்டேன்."

"தெரியுங்க டீச்சர். நீங்க எழுதிக் குடுத்ததைக் காமிச்சாங்க."

"நீங்க அஞ்சு நாளா..."

"பொம்பளைங்க பேரை ஸ்டேஷன்ல சொல்றதான்னு நெனச்சேன். வேற ஒண்ணுமில்ல. எனக்கு மட்டும் பயமில்லன்னு நெனைக்காதீங்க. இன்னும் ரெண்டு நாள் ஆயிருந்தா சொல்லித்தான் இருப்பேன்."

டீச்சர் அழுதார். மாயவன், "காப்பி குடுங்க குள்ளம்மா" என்று உள்ளே பார்த்துச் சொன்னார். மனைவியைக்கூட அவர் மரியாதையாகத்தான் கூப்பிடுவார்.

எழுபத்தேழு மார்ச்சில் தேர்தல் முடிந்து, எமர்ஜென்சியும் போனது. ஜூலையில் டீச்சர் மறுபடி 'வளையம்' ஓட்ட ஸ்டென்சில் வெட்டினார். விலாசங்கள் எரிந்துபோனதால் ஒவ்வொரு பள்ளிக்கூடமாக விசாரித்துச் சேர்க்க வேண்டியிருந்தது. பதினேழு பேர்தான் சரி என்றார்கள். மற்றவர்கள் பதிலே போடவில்லை. டீச்சர் ஒவ்வொரு வரியையும் எழுதிவிட்டு, அந்தத் தாள் மட்டும் தனியாக யார் கையிலாவது கிடைத்தால் என்ன அர்த்தம் வரும் என்று பார்ப்பார். இரண்டு தாளிலும், நாலு பக்கத்திலும் மேலே 'கூடைப்பந்து' என்று பெரிதாகப் போட்டார். கடைசிவரை அப்படித்தான் போட்டார். ஜீப் சத்தம் கேட்டால் பேச்சை நிறுத்துகிற பழக்கமும் அவரை விட்டுப் போகவில்லை.

மாயவனுக்கும் ஒரு பிரதி போனது. மூன்று மாதம் எதுவும் வரவில்லை. நாலாவது மாதம் ஒரு கார்டு வந்தது. இடது கையால் எழுதியதோ என்னவோ, எழுத்து கோணல்மாணலாக இருந்தது.

"அரூர் ஆட்டத்தில் 34-29 என்று போட்டிருக்கிறீர்கள். 34-31. நான் அங்கே இருந்தேன். திருத்தவும்."

டீச்சர் அடுத்த மாதத்து இதழில் முதல் பக்கத்திலேயே திருத்தம் போட்டார்.