பிரேமா வேனின் டீசல் டேங்க்

புதுவாயல் கூட்டுரோட்டில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் தணிகைவேலுக்கு ஒரு பெருமை உண்டு. அவர் கை வைத்த வண்டி அதே கோளாறோடு திரும்பி வந்ததில்லையாம். கேட்காதவர்களிடமும் சொல்லிக்கொள்வார். அந்தப் பெருமை போன மாதம் சந்தி சிரித்தது.

பிரேமா சொந்தமாக ஓட்டும் வேன், கும்மிடிப்பூண்டி கம்பெனி ஒன்றுக்குக் காலை ஷிப்டுப் பெண்களை ஏற்றிப் போகிற வண்டி. பழைய டேங்க் துருப்பிடித்துப் போனதால் தகட்டை வளைத்துப் புதிதாகச் செய்து கொடுத்தார். இன்ஜினுக்கு டீசல் இழுக்கும் குழாய் ஒரு மூலையில். மிச்சம் திரும்பி விழும் குழாய் எதிர் மூலையில், நுரை கலக்கக் கூடாது அல்லவா. சுத்தமான வேலை. ஆனால் ஹைவேயில் வேகம் பிடித்ததும் இன்ஜின் திணறி நின்றது, ஒரே வாரத்தில் இரண்டு முறை. இன்னொரு நாள் லேட்டானால் வேறு வண்டி வைத்துக்கொள்வோம் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள்.

இரண்டு முறையும் தணிகைவேல் டேங்கைக் கழற்றித் தரையில் வைத்து, டீசல் இழுக்கும் குழாயில் ஊதிப் பார்த்தார். காற்று தாராளமாகப் போனது.

"டீசல்லதாம்மா கலப்படம்," என்றார். பிரேமா பங்க்காரரிடம் போய் ஒரு மூச்சு சண்டை போட்டுவிட்டு வந்தாள்.

பெண்களை இறக்கிவிட்டுத் திரும்பும்போது வண்டி மறுபடி திணறியது. மூன்றாம் முறை பார்த்தபோது தணிகைவேலுக்கு முதுகுவலி. டேங்கைக் கழற்றச் சோம்பி, வண்டியில் இருந்தபடியே குழாயில் ஊதினார். காற்று முக்கித் திணறித்தான் இறங்கியது. டேங்கை அடியில் தாங்கும் இரும்புப் பட்டையைத் தளர்த்திவிட்டு ஊதினார். உள்ளே குபுகுபுவென்று சத்தம். மறுபடி இறுக்கினார், பாதிக்கு மேல் அடைத்துக்கொண்டது. வெட்கத்தில் காது சூடானது. தகடு மெல்லிசு. பட்டை இறுக இறுக அடித்தகடு மேலே எம்பிக் குழாய் வாயை முக்கால்வாசி மூடியிருக்கிறது; மெதுவாகப் போக அந்த டீசல் போதும், வேகத்துக்குப் போதாது. தரையில் வைத்து அளவெடுத்த புத்திசாலி யார்? அவரேதான்.

குழாயை உருவி ஒரு விரற்கடை குறைத்தார், நுனியைச் சாய்வாக அறுத்து மாட்டினார்.

மறுநாள் விடியலில் அவரும் வேனில் ஏறிக்கொண்டார். பெண்கள் தூங்கி வழிந்தார்கள்; அவர் மட்டும் இன்ஜின் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தார். ஷிப்டுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போதே வண்டி கம்பெனி வாசலில் நின்றது. எல்லோரும் இறங்கிப் போனதும் பிரேமா ஸ்டியரிங்கில் தலை சாய்த்தாள்.

"அப்பாடா. இப்பதாண்ணா உயிரே வந்துச்சு. உள்ள இன்னாதான் இருந்துச்சு?"

சொல்லாமலே விட்டிருக்கலாம். பழி பங்க் மேலேயே கிடந்திருக்கும்.

"என் தப்புதாம்மா. கொழாய நீளமா வுட்டுட்டேன். டீசல்ல ஒண்ணும் இல்ல."

பிரேமா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு சிரிப்பை அடக்க முடியாமல் வண்டியைக் கிளப்பினாள்.

"அந்த ஆள நான் எப்டி திட்னேன் தெரியுமா? வா, அவராண்ட நீயே சொல்லு."

திட்டு வாங்கப் போகிற மனுஷனுக்கு மனசு இவ்வளவு லேசாக இருக்கும் என்று தணிகைவேல் நினைத்ததே இல்லை. பங்க்கில் வண்டி நின்றதும் பிரேமாவுக்கு முன்னால் அவர்தான் இறங்கினார்.