ஒலிபெருக்கியில் வேறொரு குரல்

என் கணவர் பள்ளிவாசலில் மோதினார். ஐந்து வேளையும் பாங்கு சொல்லித் தொழுகைக்கு ஆட்களை அழைப்பது, பாய் விரிப்பது, தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளு எடுக்கும் தொட்டியைத் தேய்ப்பது எல்லாம் அவர் வேலை. நாங்கள் குடியிருப்பது பள்ளிக்குப் பின்னால் ஜமாஅத்துக்குச் சொந்தமான ஓட்டு வீடு. அடுப்படியில் நின்றாலும் அவர் குரல் கேட்கும். சளி பிடித்திருக்கிறதா, சாப்பிட்டது செரிக்கவில்லையா என்பதைக்கூட அதில் கண்டுபிடித்துவிடுவேன்.

சில மாதங்களாக அந்தக் குரல் நீள வேண்டிய இடத்தில் நீளவில்லை. இடையிடையே மூச்சு வாங்கியது.

"கேஸ் டிரபிளாக்கும், பேசாம இரி" என்பார்.

பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒரு எட்டுப் போய் வரலாம் என்று சொன்னால் கோபம் வந்துவிடும்.

"லீவு கேக்கச் சொல்லுதியா? முன்ன இருந்தவருக்கு என்ன ஆச்சுன்னு ஒனக்குத் தெரியாதா?"

தெரியும். முன்பிருந்த மோதினார், மகள் பிரசவத்துக்காகக் குலசேகரம் போனார். திரும்பி வந்தபோது மைக்கின் முன்னால் வேறொருவர் நின்றுகொண்டிருந்தார். வீட்டுச் சாவியையும் வாங்கிக்கொண்டார்கள். அந்த வேறொருவர்தான் என் கணவர். நாங்கள் இந்த வீட்டுக்குள் வந்த வழி அது. அதே வழியாக எங்களையும் வெளியே அனுப்பலாம் என்ற பயம் அன்றே எங்களோடு குடியேறிவிட்டது.

ஒருநாள் சாயங்காலம், அஸர் தொழுகை நேரம். மீன் நறுக்கிக்கொண்டிருந்தேன். பாங்கு பாதியில் நின்றது. கரண்ட் போய்விட்டதென்று நினைத்து எட்டிப் பார்த்தேன். முன்னறையில் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.

கையைக்கூடக் கழுவாமல் ஓடினேன். எங்கள் பள்ளியில் பெண்கள் உள்ளே போகிற வழக்கமில்லை. வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளே ஒன்றும் தெரியவில்லை. அப்போது ஒலிபெருக்கியில் வேறொரு குரல் பாங்கை முதலிலிருந்து சொல்லத் தொடங்கியது. இத்தனை வருடம் எதற்குப் பயந்தேனோ அது நடந்துவிட்டது. போனது ஆளா, வேலையா என்றுதான் தெரியவில்லை.

இரண்டு பேர் அவரைத் தாங்கிக்கொண்டு வந்தார்கள். கண் திறந்திருந்தது. ஆட்டோவில் ஏற்றினோம். இருதயத்தில் அடைப்பு, மருந்திலேயே பார்க்கலாம், ஆனால் ஒரு மாதம் எங்கும் நடமாடக் கூடாது என்றார் டாக்டர்.

வீட்டுக்கு வந்த மறுநாள் ஜமாஅத் தலைவர் பார்க்க வந்தார். வளைகுடாவில் சம்பாதித்துத் திரும்பியவர், நல்ல மனுஷன்; அண்ணன் முறையில் காக்கா என்றுதான் கூப்பிடுவோம். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

"இந்த மாசம் முழுக்க லீவு. சம்பளம் பிடிக்கமாட்டோம். ஆஸ்பத்திரிச் செலவ ஜமாஅத்து பாத்துக்கிடும். இனிமே வாரத்துல ஒரு நாளு லீவும் உண்டு. அதுக்கு ரெண்டாவதா ஒரு ஆளு போட்டாச்சு."

நான் வருடக்கணக்கில் மனதுக்குள் கேட்டவைதான் எல்லாம். கடைசியாகச் சொன்ன அந்த இரண்டாவது ஆளை மட்டும் நான் கேட்கவில்லை.

"இந்த வீடு?" என்றேன்.

"ஒங்களுக்குத்தான். நான் இருக்கியது வரை ஒண்ணும் பயப்படாண்டாம்."

"நீங்க தலைவரா இருக்கியது வரைக்குமா, காக்கா?"

அவர் தேநீரைக் குடித்து முடித்தார். அடுத்த மாதம் ஜமாஅத் கமிட்டித் தேர்தல் என்பது அவருக்கும் தெரியும்.

மறுநாள் மதியம் லுஹர் தொழுகைக்குப் புது ஆள் பாங்கு சொன்னார். கட்டிலில் படுத்தபடி என் கணவர் உதட்டை அசைத்து ஒவ்வொரு வரியையும் கூடவே சொன்னார். முடிந்ததும் மேலே கூரையைப் பார்த்தார்.

"என்னைய விட நல்லா நீட்டுதான்" என்றார்.

"மைக்கு புதுசு மாத்தியிருப்பாங்க."

பழைய மைக்தான் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

அஸர் நெருங்கும்போது அவர் எழுந்து கொடியில் சட்டையைத் தேடினார்.

"எங்க போறிய? டாக்டரு சொன்னது மறந்துபோச்சா?"

"பாங்கு சொல்லப் போகல. பின்னால ஒரு ஓரமா இருந்து தொழுதுட்டு வாறேன். தேர்தல் வருதுல்லா, நாலு பேரு என்னப் பாக்கட்டும்."

இப்படிக் கிளம்புவார் என்று பயந்துதான் காலையிலேயே சட்டையை ஒளித்துவைத்திருந்தேன். முன்பிருந்தவரிடம் வாங்கிய வீட்டுச் சாவி நினைவுக்கு வந்தது. பிறகு அரிசிப் பானைக்குப் பின்னாலிருந்து அதை எடுத்து வந்து, நானே பொத்தானும் போட்டுவிட்டேன்.