அரக்கு நூல் கட்டிய சீசா

இரண்டாம் உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். ராசிபுரத்தில் நெசவாளர் தெரு ஒன்றில் குடியிருந்தோம். பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடிய பஸ் ஒன்று காலையில் சேலம் போய், விளக்கு வைக்கும் நேரத்துக்குத் திரும்பும். நடுவழியில் நின்றால் டிக்கெட் வாங்கியவர்களே இறங்கித் தள்ள வேண்டும்.

அதன் கண்டக்டர் யோசனைக்காரர். மருந்து வாங்க ஆளாளுக்குச் சேலம் போவானேன்? டாக்டர் எழுதிய சீட்டையும் காலி சீசாவையும் காலையில் அவரிடம் கொடுத்தால், மாலையில் மருந்தோடு வந்துவிடும். அவருக்குக் காலணா. பஸ் சார்ஜும் மிச்சம், ஒரு நாள் தறி நிற்காமல் நேரமும் மிச்சம். தெருவே அவரைக் கொண்டாடியது. நானும்தான்.

சேலத்து மருந்துக் கடைக்காரர் சீசாவில் ஒட்டுவது இங்கிலீஷ். எங்கள் தெருவில் அதை யார் கண்டார்கள்? அதனால் அடையாளத்துக்குச் சீசாவின் கழுத்தில் நூல் கட்டிக் கொடுப்போம். ஒரு வீட்டுக்குப் பச்சை, ஒரு வீட்டுக்கு மஞ்சள். நெசவாளி வீட்டில் நூலுக்கா பஞ்சம் என்று சிரித்துக்கொள்வோம். பஞ்சம்தான் வந்தது. அந்த மாதம் எங்கள் வியாபாரிக்குக் கிடைத்தது அரக்கு நிற நூல் மட்டும். எங்கள் தறியிலும் அரக்கு, அடுத்த தெருவிலும் அரக்கு. என் வீட்டுக்காரர் கைக்குக் கிடைத்ததைக் கட்டி அனுப்பினார்.

என் மகள் அப்போது கைக்குழந்தை. காய்ச்சலிலும் பேதியிலும் துவண்டு கிடந்தாள். அவளுக்கு முன் பிறந்த இரண்டும் தங்கவில்லை. இதுவும் போய்விடுமோ என்று மடியைவிட்டு இறக்காமல் வைத்திருந்தேன்.

அன்று பஸ் வழியில் நின்று, நன்றாக இருட்டிய பிறகுதான் வந்தது. கண்டக்டர் அவசரத்தில் நூலை மட்டும் பார்த்துச் சீசாவைக் கொடுத்தார். மூடியைத் திறந்ததும் நெடி மூக்கைத் துளைத்தது. இங்கிலீஷ் மருந்து நாறத்தான் செய்யும் என்று சங்கில் ஊற்றி, குழந்தையின் வாயருகே கொண்டுபோனேன்.

அப்போது தலைவிரி கோலமாக ஒரு பெண் உள்ளே ஓடிவந்து சங்கைத் தட்டிவிட்டாள். அவள் கையிலும் அரக்கு நூல் கட்டிய சீசா.

“குடுத்துப் போட்டீங்களா? அது நெஞ்சுல தேய்க்கறதுங்க! உள்ள போனா வெசமுங்க!”

இல்லை என்று தலையாட்டினேன். புருஷன் நெஞ்சில் தேய்க்கப் போனவளுக்கு மருந்து கையில் பிசுபிசுத்திருக்கிறது. இனிப்பாக வாசம் வந்திருக்கிறது. இது யார் வீட்டுக் குடிக்கிற மருந்தோ என்று பஸ்ஸுக்கு ஓடி, கண்டக்டரிடம் எங்கள் வீட்டை விசாரித்துக்கொண்டு வந்திருக்கிறாள். என் சீசாவைக் கொடுத்து, தன்னுடையதை வாங்கிக்கொண்டு வந்த வேகத்திலேயே ஓடினாள். ஒரு வாய் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை நான்.

மறுநாள் காலையில் அடுத்த தெருவில் சாவுச் சங்கு ஊதியது. யார் வீடு என்று விசாரித்தால், முந்தின இரவு சங்கைத் தட்டிவிட்டவளின் வீடு. மூச்சுக்குத் தவித்த புருஷனை விட்டுவிட்டுத்தான் அவள் ஓடிவந்திருக்கிறாள். திரும்பிப் போகும்போது எல்லாம் முடிந்திருந்தது.

துக்கத்துக்குப் போய், “அக்கா, எங்களாலதான…” என்று ஆரம்பித்தேன்.

“அவரு தங்க மாட்டாருன்னு டாக்டரு அப்பவே சொல்லிப் போட்டாரு சாமி. நீ அழுவாத” என்றாள். முந்தானையால் என் கண்ணைத் துடைத்துவிட்டாள். பிறகு, “கடைசியா, நான் எங்கேன்னு கேட்டாராம்” என்றாள்.

அதன் பிறகு தேய்க்கிற மருந்துக்குக் கடைக்காரர் சிவப்புச் சீட்டு ஒட்டி, தமிழிலும் எழுதத் தொடங்கினார். நானும் மறுபடி கண்டக்டரிடம் சீசா கொடுத்தனுப்பினேன். வேறு வழி?

என் மகள் இன்று இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். யாராவது நேரம் மிச்சம் என்று சந்தோஷமாகச் சொன்னால் எனக்கு அந்த அரக்கு நூல்தான் நினைவுக்கு வருகிறது. தன் புருஷனுக்கு மிச்சமிருந்த அந்தக் கொஞ்ச நேரத்தை என் குழந்தைக்குக் கொடுத்த அந்த அக்காவுக்கு, நான் எதைத் திருப்பிக் கொடுக்க முடியும்?